இருபத்திமூன்றாவது கவுன்

பிறைமொட்டு முன்பள்ளியில் படித்து முடிக்கும் பிள்ளைகளின் விடுகை விழாவுக்கு, பட்டதாரிகள் போடுவதுபோன்ற கவுன் தைக்கும் வேலை பஹீமாவுக்குக் கிடைத்தது. பரீனா டீச்சர் பிள்ளைகளின் பெயரையும் அளவையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். வீட்டுக்கு வந்து, கறுப்புத் துணியை விரித்து, சோக்கைக் கையில் எடுத்த பிறகுதான் பஹீமா அந்தத் தாளை ஒழுங்காகப் பார்த்தாள். இருபத்திரண்டு பெயர்கள். வகுப்பில் இருப்பதோ இருபத்திமூன்று பிள்ளைகள். விடுபட்டிருந்தது அவளுடைய மகள் சஹ்லாவின் பெயர்.

மறதியாக இருக்கும் என்று ஒரு நிமிடம் மனதைத் தேற்றிப் பார்த்தாள். ஆனால் பரீனா டீச்சருக்கு மறதி என்பதே கிடையாது. மூன்று வருடத்துக்கு முன்னர் யார் வீட்டுப் பிள்ளை யாருடைய தண்ணீர்ப் போத்தலை உடைத்தது என்று இன்றைக்கும் சொல்லக்கூடியவர். அடுத்த நாள் காலையில் மகளைக் கொண்டுபோய் விட்ட கையோடு பஹீமா அவரிடமே கேட்டுவிட்டாள்.

டீச்சர் சுற்றி வளைக்கவில்லை. சஹ்லாவின் எழுத்துக் கொப்பியைத் திறந்து காட்டினார். ஒவ்வொரு பக்கத்திலும் மேல் வரியில் டீச்சரின் எழுத்து. அதற்குக் கீழே சஹ்லாவின் எழுத்து, அழகாக, அழுத்தமாக, முழுவதும் இடம் வலமாகப் பிரண்டு. வலப்பக்க ஓரத்தில் தொடங்கி இடப்பக்கம் நோக்கி வரிசையாகப் போயிருந்தது. 'லா' வில் கால் முன்னுக்கும் லகரம் பின்னுக்கும் நின்றன. இந்த வயதில் ஒன்றிரண்டு எழுத்துப் பிரளுவது சாதாரணம், பின்னேரம் குர்ஆன் ஓதப் போகிற பிள்ளைகள் வலப்பக்கத்தில் தொடங்குவதும் கொஞ்ச நாளைக்கு இருக்கும், பிறகு போய்விடும் என்றார் டீச்சர். மற்றப் பிள்ளைகளுக்கு ஆறாம் மாதத்தோடு போய்விட்டது. சஹ்லாவுக்கு மட்டும் போகவில்லை. ஓர் எழுத்துக்கூட நேராக வரவில்லை. இன்னும் ஒரு வருடம் இங்கேயே இருக்கட்டும், அதற்குள் பட்டணத்து ஆஸ்பத்திரியில் ஒருமுறை காட்டிப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு, பஹீமாவின் முகத்தைப் பார்க்காமல் கொப்பியை மூடினார்.

நாலு வயதுப் பிள்ளையை எழுத வைத்து வதைக்கக் கூடாது என்று டீச்சருக்குப் பயிற்சியில் படித்துக் கொடுத்ததுதான். ஆனால் பயிற்சி ஒரு பக்கம், பிள்ளை எழுதியே ஆக வேண்டும் என்கிற காத்தான்குடி ஊர்ப் பெற்றார் இன்னொரு பக்கம். விடுகை விழாவில் ஒவ்வொரு பிள்ளையும் கவுனும் தொப்பியும் போட்டுக்கொண்டு மேடைக்கு வந்து, பலகையில் தன் பெயரைத் தானே எழுதிவிட்டுச் சான்றிதழ் வாங்கும். சபை முழுக்கப் போனைத் தூக்கிப் படம் பிடிக்கும். போன வருடம் ஒரு பிள்ளை எழுதத் தெரியாமல் மேடையில் நின்று அழுததை ஊரே பார்த்தது. அந்த அழுகையை டீச்சர் மறக்கவில்லை. அதனால்தான் இந்த முறை சஹ்லா பூத்தட்டு ஏந்தட்டும் என்று முடிவெடுத்திருந்தார்.

பஹீமா வீட்டுக்கு வந்தாள். இருபத்திரண்டு கவுனுக்கு வெட்ட வேண்டிய துணியில் வெட்டுகளை நெருக்கி வைத்துச் சோக்கால் கோடு போட்டாள். ஓரத்தில் மிச்சம் விழுந்தது. அதில் யாரும் கேட்காத இருபத்திமூன்றாவது கவுனையும் வெட்டினாள். முதுகில் ஓர் ஒட்டு வரும், வரட்டும். அவள் மகள் பூத்தட்டு ஏந்த மாட்டாள், பெயர் எழுதுவாள், ஜனவரியில் பெரிய பள்ளிக்கூடத்தில் முதலாம் ஆண்டுக்குப் போவாள். விழாவுக்கு இருபத்தைந்து நாள் இருந்தது.

கையில் குறை இருந்தால் பஹீமா ஒத்துக்கொண்டிருப்பாள். ஆனால் அந்தப் பிள்ளையின் கை எப்படிப்பட்ட கை. தையல் மெஷினுக்குக் கீழே வெட்டுத் துண்டுகளோடு வளர்ந்தவள், மூன்று வயதிலேயே பொத்தான் பூட்டினாள். கத்தரிக்கோலைக் கொடுத்தால் சோக்குக் கோட்டை விட்டு நூலளவு விலகாமல் வெட்டுவாள். உம்மாவுக்கு ஊசி கோத்துக் கொடுப்பதே அவள்தான். பட்டணத்து டாக்டர் அந்தக் கையில் என்னத்தைப் பார்க்கப்போகிறார்.

அன்றைக்கே கடைக்குப் போய் புள்ளிக் கோட்டில் எழுதிப் பழகும் கொப்பி இரண்டு வாங்கினாள். முதல் நாள் மகளின் கையைத் தன் கைக்குள் வைத்து எழுதினாள். கை இருக்கும்வரை எழுத்து நேராக வந்தது, கையை எடுத்ததும் பிரண்டது. இரண்டாம் நாள் ஒவ்வொரு வரியின் இடது தொங்கல் ஓரத்திலும் சிவப்புப் பொட்டு வைத்தாள், அங்கேதான் தொடங்க வேண்டும் என்று. சஹ்லா சிவப்புப் பொட்டில் எழுத்தை முடித்தாள். நாலாம் நாள் அதட்டினாள். ஏழாம் நாள், மெஷினில் துணி அளக்கக் கிடந்த அடிமட்டத்தால் விரல் கணுவில் ஒன்று வைத்தாள்.

சஹ்லா அழவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு, “வாப்பா இப்பிடித்தான் எழுதுறாரு” என்றாள்.

இதை அவள் சொல்வது முதல் தடவையில்லை. மூன்றாம் தடவை. பிழையைத் தூக்கிக் கடல் கடந்து இருக்கிறவர் தலையில் போடுகிறாள், இந்த வயதிலேயே இவ்வளவு சாதுரியமா என்றுதான் பஹீமா நினைத்தாள். அடித்ததற்காக அன்று முழுக்க மனம் அறுத்தது. ஆனால் சொன்னது என்ன என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை.

வாப்பா ஜிப்ரி டோஹாவில் ஒரு பெரிய சாமான் களஞ்சியத்தில் வேலை செய்தான். சஹ்லாவுக்கு ஒன்றரை வயதாக இருக்கும்போது போனவன். பிள்ளை பேசத் தொடங்கியதையும் அவன் காணவில்லை, மூன்று வயதில் பொத்தான் பூட்டி அதை ஊரெல்லாம் காட்டித் திரிந்ததையும் காணவில்லை. அவனுக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கிடைக்கும் கால் மணித்தியாலம்தான் தகப்பன் வேலை பார்க்கக் கிடைத்த நேரம். அப்போது இங்கே பின்னேரம் இரண்டரை மணி. பஹீமா போனை அரிசி வாளியில் சாய்த்து வைத்து, மகளை அதன் முன்னால் இருத்திவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு மெஷினில் உட்கார்ந்துவிடுவாள். அந்தக் கால் மணித்தியாலத்தில் ஒரு சட்டையின் கைப்பக்கத்தைத் தைத்து முடித்துவிடலாம். மெஷின் இரைச்சலில் தகப்பனும் மகளும் என்ன பேசினார்கள் என்று கேட்காது. எட்டு மாதமாக எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறார் என்பது தெரியும். வாப்பா சொல்லிக் கொடுத்துமா இந்தப் பிள்ளை இப்படி எழுதுகிறது என்று கவலைப்பட்டதும் உண்டு.

மழை பிடித்தது. மார்கழி மழைக்கு மட்டக்களப்பு வாவி வாய்க்கால் வழியாக ஊருக்குள் எட்டிப் பார்த்த நாளில், பின்னேரம் இரண்டு மணிக்குக் கரண்ட் போனது. பஹீமாவின் மெஷின் மோட்டரில் ஓடுவது. பதினேழாவது கவுனின் கழுத்தில் ஊசி அப்படியே நின்றுவிட்டது. இரண்டரைக்குப் போன் அடித்தது. வேறு வேலை இல்லாததால், எட்டு மாதத்தில் முதல் தடவையாக, பஹீமா மகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள்.

ஜிப்ரி கறி பூசிய விரலைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு, பெட்டி மட்டையொன்றில் மார்க்கரால் மெதுவாக எழுதினான். எழுதும் கை திரையில் தெரியவில்லை, நாக்கைக் கடித்துக்கொண்டு குனிந்திருந்த தலைதான் தெரிந்தது. பிறகு மட்டையை நிமிர்த்திக் காட்டினான். இன்றைக்கு 'லா'. கால் முன்னுக்கு நின்றது. லகரம் பின்னுக்கு, அதுவும் பிரண்டு.

சஹ்லா குனிந்து, அதைப் பார்த்துப் பார்த்து, கொப்பியில் அச்சாக இறக்கினாள்.

பஹீமா கொப்பியையும் மட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள். போனை எடுத்துத் தன் பக்கம் திருப்பினாள். மனைவியின் முகத்தைக் கண்டதும் ஜிப்ரிக்குச் சந்தோசம் தாங்கவில்லை. மட்டையை ஆட்டிக் காட்டினான்.

“எப்பிடி நம்மட எழுத்து? முதல்ல எனக்கும் விளங்கல்ல. நேரா எழுதிக் காட்டினா போன்ல பிரட்டித் தெரியிது. புள்ளைக்கும் அப்பிடித்தானே தெரியும் எண்டு, மறுகா நான் பிரட்டி எழுதிப் பழகினன். புள்ள எழுதிக் காட்டுறதும் எனக்கு போன்ல பிரட்டித்தானே தெரியிது. அறைக்குள்ள ஆக்கள் சிரிச்சாங்க. இப்ப கண்ண மூடிட்டும் எழுதுவன்.”

அவன் சொன்னது பொய்யில்லை. போனின் மூலையில் சின்னக் கட்டமொன்றில் நம் முகம் நமக்குத் தெரியும். கண்ணாடியில் தெரிவதுபோல, இடம் வலமாக. அந்தக் கட்டத்தில் எழுத்து நேராகத் தெரிய வேண்டும் என்று ஜிப்ரி எட்டு மாதம் பாடுபட்டிருக்கிறான். மகளின் திரையில் தெரிவதும் அந்தக் கட்டத்தில் தெரிவதும் ஒன்றுதான் என்பது அவன் நம்பிக்கை. அது அப்படித்தானா என்பது பஹீமாவுக்கும் உறுதியாகத் தெரியாது. அவள் கழுத்தில் கிடந்த அளவு நாடாவைக் கழற்றி, போனுக்கு நேரே பிடித்தாள். மூலைக் கட்டத்தில் இலக்கங்கள் பிரண்டு கிடந்தன.

“இதில என்ன நம்பர் தெரியிது?” என்று கேட்டாள்.

“இருபத்தேழு.”

“பிரட்டியா தெரியிது?”

“இல்லயே. நேராத்தான் தெரி...” என்றவன் நிறுத்தினான்.

மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. ஜிப்ரி கையிலிருந்த மட்டையைப் பார்த்தான், பிறகு போனைப் பார்த்தான், பிறகு மட்டையை மெல்லத் தரையில் கவிழ்த்து வைத்தான். சுப்பவைசர் கூப்பிடுகிறார் என்றான். சாப்பாட்டு நேரத்தில் எந்தச் சுப்பவைசர் கூப்பிடுவார். அழைப்பு அறுந்தது.

அன்றிரவு பஹீமா மகளின் விரல் கணுவை எடுத்துக் கொஞ்சிக்கொண்டே இருந்தாள். பிள்ளை மூன்று தடவை உண்மையைச் சொல்லியிருக்கிறது. டீச்சருக்குத்தான் எழுதத் தெரியாது என்று நினைத்து, மேல் வரியில் டீச்சர் எழுதியதையெல்லாம் கீழே பொறுமையாகத் திருத்தித் திருத்தி எழுதியிருக்கிறது. அதற்குக் கிடைத்த கூலி அடிமட்டம்.

அடுத்த நாள் இரண்டரைக்கு சஹ்லா அரிசி வாளிக்கு முன்னால் உட்கார்ந்தாள். போன் அடிக்கவில்லை. அதற்கடுத்த நாளும் அடிக்கவில்லை. பஹீமா தானே அழைத்துப் பார்த்தாள், அவன் எடுக்கவில்லை. இடையில் தானே திருத்திவிடலாம் என்று கொப்பியோடு உட்கார்ந்து பார்த்தாள். வாப்பாவுக்குப் போன் பிரட்டிக் காட்டிவிட்டது, அதனால்தான் பிழையாக எழுதினார் என்று விளக்கினாள். சஹ்லா முழுவதையும் கேட்டுவிட்டு, “வாப்பா சொல்லட்டும்” என்று பென்சிலைக் கீழே வைத்தாள். உம்மாவின் பிடிவாதம் மகளுக்கு வராமல் வேறு யாருக்கு வரும்.

புருசன் வெட்கப்பட்டு முடங்கிக் கிடக்க இது நேரமில்லை என்று பஹீமாவுக்குப் பட்டது. அவன் மேல் பரிதாபம் இருந்தது, நிறையவே இருந்தது. ஆனால் பரிதாபத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், விழாவுக்குப் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது. போனை எடுத்துக் குரலைப் பதிந்து அனுப்பினாள்.

“நீங்க பழக்கினத நீங்கதான் மாத்தணும். அவ எனக்கிட்டயும் கேக்கமாட்டா, டீச்சருக்கிட்டயும் கேக்கமாட்டா. உங்கள மட்டும்தான் நம்புறா. ரெண்டு நாளா வாளிக்கு முன்னால வந்து குந்திட்டு இரிக்கா. நாளைக்குக் கோல் எடுங்க. கெமராவ மற்றப் பக்கம் திருப்பி வைங்க, உங்கட முகம் வாணாம், கையக் காட்டுங்க.”

அடுத்த நாள் இரண்டு இருபத்தெட்டுக்கே போன் அடித்தது. திரையில் ஜிப்ரியின் முகம் இல்லை. சீமெந்துத் தரை, அதில் ஒரு பெட்டி மட்டை, அதன் மேல் மார்க்கர் பிடித்த ஒரு கை. நகக்கண்ணில் அழுக்கு இருந்தது. அந்தக் கையை சஹ்லா இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. திரையில் விரலை வைத்துத் தடவினாள்.

மெஷின் ஓடவில்லை. கரண்ட் இருந்தும் பஹீமா நிறுத்திவைத்திருந்தாள்.

“மகள், வாப்பா உங்களுக்குப் பிழையாக் காட்டிட்டன்” என்றது குரல். “போன் பிரட்டும் எண்டு நெனச்சி பிரட்டி எழுதின. உங்களுக்கு நேராத்தான் வந்திரிக்கி. டீச்சர் எழுதினதுதான் சரி. உங்கட பிழை ஒண்டும் இல்ல, வாப்பாட பிழை. இப்ப கையப் பாருங்க, எங்க வைக்கிறன், எங்கால போறன் எண்டு.”

ஐந்து வயதுகூட நிரம்பாத பிள்ளையிடம் தகப்பன் மன்னிப்புக் கேட்பதை பஹீமா அதற்கு முன் எந்த வீட்டிலும் கேட்டதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கை இடப்பக்கத்தில் இறங்கியது. மேலே ஒரு கோடு இழுத்தது, கீழே இறங்கியது, வளைந்தது, வலப்பக்கம் வந்து ஓய்ந்தது. சஹ்லா வாயைத் திறந்தபடி பார்த்தாள். எட்டு மாதமாக அவளுக்குக் கிடைத்தது எழுதி முடித்த எழுத்துத்தான். எழுத்து ஒரு படம் என்றும், படத்தை எந்த மூலையில் தொடங்கினாலும் முடிவில் ஒன்றுதான் என்றும் அவள் எண்ணியிருந்தாள். எழுத்துக்கு ஒரு தொடக்கமும் ஒரு போக்கும் இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் அவள் கண்ணில் பட்டது. விரலைக் காற்றில் தூக்கி, அந்தக் கை போன வழியே தானும் போனாள். மூன்றாம் தடவைக்குப் பிறகு பென்சிலை எடுத்தாள். வந்த 'ச' கோணலாகத்தான் வந்தது, ஆனால் நேர்ப்பக்கம் பார்த்து நின்றது.

பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, போனில் பார்த்தால் எல்லாம் பிரட்டித்தான் தெரியுமா என்று கேட்டாள். எனக்கு அப்படித்தான் தெரிந்தது மகள் என்றான் ஜிப்ரி. அவள் தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த எழுத்துக்குப் போனாள். அந்தக் கேள்வியைப் பெரியவர்கள் இருவருமே பெரிதாக எடுக்கவில்லை.

ஒன்பது நாள் அந்தக் கை வந்தது. ஒருநாள் சாப்பிடாமலே வந்தது, தட்டு மூடியபடி மட்டைக்குப் பக்கத்தில் இருந்ததை பஹீமா கண்டாள். எட்டு மாதப் பழக்கம் ஒன்பது நாளில் முழுசாகப் போகுமா. காலையில் நேராக எழுதியவள் மாலையில் பழையபடி பிரட்டினாள். அதட்டவில்லை, அடிமட்டம் அலுமாரிக்கு மேலே போய்விட்டது. இன்னொரு தடவை கையைப் பார் என்பதோடு சரி.

விழாவுக்கு மூன்று நாளைக்கு முன்னர் பஹீமா கவுன்களைக் கட்டிக்கொண்டு பரீனா டீச்சரிடம் போனாள். நடந்ததைச் சொன்னபோது டீச்சர் சிரிக்கத் தொடங்கினார், பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு சஹ்லாவின் புதுக் கொப்பியை வாங்கிப் பார்த்தார். நேரும் பிரட்டலும் கலந்து கிடந்தன. கஷ்டப்பட்டிருக்கிறாள், தெரிகிறது, ஆனால் இத்தனை பேருக்கு முன்னால் பயத்தில் பழையது வந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டார். அவருடைய பயமும் பொய்யான பயமில்லை.

“அழுதா நான் மேடைக்கு வந்து தூக்கிட்டு வாறன் டீச்சர்” என்றாள் பஹீமா. “எழுதாம இரிக்கிறதுக்கு அவக்கு ஏலாமை ஒண்டும் இல்ல.”

டீச்சர் மூட்டையிலிருந்த கவுன்களை எண்ணினார். இருபத்திமூன்று வந்தது. தாளை எடுத்து, பட்டியலின் அடியில் சஹ்லாவின் பெயரை எழுதினார்.

விழா அன்று மண்டபத்தில் இடமில்லை. பஹீமா முன்வரிசை ஓரத்தில் நின்றபடி போனைத் திரை மேடையைப் பார்க்கத் தூக்கிப் பிடித்திருந்தாள். திரையில் ஜிப்ரி, பின்னால் கூரை முட்டப் பெட்டிகள். அரை நாள் லீவு கேட்டுக் கிடைக்கவில்லை, பெட்டிகளுக்கு இடையில் ஒளிந்துகொண்டு பார்த்தான்.

இருபத்திமூன்றாவதாக சஹ்லா வந்தாள். தொப்பி கண்ணை மறைத்தது, முதுகில் ஒட்டுப் போட்ட தையல் மேடை விளக்கில் தெரிந்தது. மார்க்கரை வாங்கிக்கொண்டு நேரே பலகையின் வலது ஓரத்துக்குப் போய் நின்றாள். டீச்சரின் முகம் வெளிறியது. பஹீமா மேடைப் படியை நோக்கி ஓரடி வைத்தாள். சஹ்லா தொப்பியை மேலே தள்ளிவிட்டு, பலகையை ஒருமுறை பார்த்தாள். பிறகு நடந்து இடது ஓரத்துக்கு வந்தாள். விரலைக் காற்றில் ஒருதரம் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதினாள். ச. ஹ். லா. கடைசி எழுத்து சறுக்கிக் கீழே போயிருந்தது, அவ்வளவுதான்.

மண்டபம் கைதட்டியது. டீச்சர் சான்றிதழை நீட்டினார். சஹ்லா வாங்கவில்லை. திரும்பவும் வலது ஓரத்துக்குப் போய், எழுதிய பெயருக்குக் கீழே, இடப்பக்கம் நோக்கி, தடங்கலே இல்லாமல் கிடுகிடுவென்று இன்னொரு தடவை எழுதினாள். காலும் லகரமும் பழையபடி இடம் மாறி, ஒவ்வொரு எழுத்தும் பிரண்டு.

கைதட்டல் சோர்ந்தது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். டீச்சர் பதறிப்போய் அழிப்பானை எடுத்தார்.

“அழிக்காதீங்க டீச்சர்” என்றாள் பஹீமா. அவள் குரல் அந்த மண்டபத்தில் அப்படி ஒலிக்கும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. டீச்சரின் கை நின்றது.

சஹ்லா உம்மாவின் கையிலிருந்த போனைப் பார்த்து விரலை நீட்டினாள். “மேல உள்ளது ஆக்களுக்கு” என்றாள். “கீழ உள்ளது வாப்பாவுக்கு. போன்ல பாக்கிறவருக்கு இதுதான் நேரா தெரியும்.”

பஹீமா போனைத் தன் பக்கம் திருப்பினாள். பெட்டிகளுக்கு நடுவில் ஜிப்ரி கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தான். தோள் குலுங்கியது. பிறகு கையை எடுத்தான்.

“ரெண்டும் எனக்கு வாசிக்க ஏலும் எண்டு சொல்லு” என்றான்.

பஹீமா மேடையைப் பார்த்து, மகளுக்குக் கேட்கும்படி, ஊருக்கும் கேட்கும்படி, அதை அப்படியே சொன்னாள். சஹ்லா தொப்பியைச் சரிசெய்துகொண்டு, டீச்சரின் கையிலிருந்த சான்றிதழை வாங்கினாள்.